வச்சிரமும் படிகாரமும்: ஒரு நிழற்படப் பசையின் வரலாறு

நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் ஒளியின் விந்தையைப் பற்றிப் பேசுவர். வெள்ளி உப்புகளைப் பற்றிப் பேசுவர். கண்ணாடி வில்லையின் பெருமையையும் மறவாது குறிப்பிடுவர். ஒளி வரைந்த உருவத்தைத் தன்மேல் தாங்கி நிற்கும் காகிதத்தைப் பற்றியும், அக்காகிதம் நீர் பட்டவுடன் கூழாகிவிடாமல் காக்கும் பசையைப் பற்றியும் எழுதுவோர் சிலரே. கோபுரத்தை அண்ணாந்து நோக்குவோர் அதன் அடித்தளத்தை எண்ணுவதில்லை. அந்த அடித்தளமாக நின்ற ஜெலாட்டின் என்னும் பசையின் கதையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ஜெலாட்டின் என்பது பெயரளவில்தான் நமக்குப் புதியது. தச்சர்கள் மரத்துண்டுகளை இணைக்கப் பயன்படுத்திய வச்சிரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். விலங்குகளின் தோல், எலும்பு, நரம்பு ஆகியவற்றை நீரில் நெடுநேரம் காய்ச்சி எடுப்பது வச்சிரம். அதையே தூய மூலப்பொருளிலிருந்து, மிதமான சூட்டில், நிறமும் நாற்றமும் நீங்க வடித்தெடுத்தால் ஜெலாட்டின். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதமே இரண்டிற்கும் மூலம். ஜெலாட்டினைக் குளிர்ந்த நீரில் இட்டால் அது கரையாது; நீரைக் குடித்து ஊதிப் பெருக்கும். சூடு காட்டினால் கரையும்; ஆறினால் உறையும்; உலர்ந்தால் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகும். இந்த எளிய குணங்களை நம்பியே ஒன்றரை நூற்றாண்டுக் காலப் புகைப்படக் கலை வளர்ந்தது.

இப்பொருளுக்கு மற்றொரு குணமும் உண்டு. அது புரதம், ஆதலால் உணவு. பூஞ்சணத்திற்கும் பாக்டீரியாவிற்கும் பூச்சிகளுக்கும் அது விருந்து. படத்தைத் தாங்குவதும் அதுவே. தான் அழுகினால் படத்தையும் உடன் கொண்டுபோவதும் அதுவே. எனவே ஜெலாட்டின் பசையின் வரலாறு என்பது, காக்கும் பொருளைக் காப்பது எவ்வாறு என்று மனிதர் எழுநூறு ஆண்டுகளாகத் தேடிய வரலாறு ஆகும்.

காகிதமும் கஞ்சியும்

நாரைக் கூழாக்கி, நீரை வடித்து, உலர்த்தி எடுத்த காகிதம் மை ஒற்றும் தாளைப் போன்றது. எழுதினால் மை பரவும். நீரில் நனைத்தால் பிய்ந்துபோகும். நார்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களை ஒரு பசையால் அடைத்தால்தான் அது எழுதவும் வரையவும் ஏற்றதாகும். நம் நெசவாளர் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவதும், சலவைத் தொழிலாளர் வேட்டிக்குக் கஞ்சி போடுவதும் இதே நோக்கத்தோடுதான். காகிதத்திற்கும் முதலில் கிடைத்தது கஞ்சியே. சீனத்தில் தோன்றிய காகிதக் கலை எட்டாம் நூற்றாண்டில் சாமர்கண்டு வழியாக அரபு நாடுகளை அடைந்தபோது, அங்கே கோதுமை மாவுக் கஞ்சியைத் தாளுக்குப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். இந்தியாவில் காகிதம் செய்த காகஜிக் குடும்பத்தாரும் மாவுக் கஞ்சியையும் மெருகுக் கல்லையுமே நம்பினர்.

ஐரோப்பாவில் காகிதம் நுழைந்த காலத்தில் அதன்மேல் நம்பிக்கை இல்லை. இரண்டாம் பிரெடரிக் மன்னன் 1231ஆம் ஆண்டில், அரசு ஆவணங்களைக் காகிதத்தில் எழுதலாகாது, தோலில்தான் எழுதவேண்டும் என்று ஆணையிட்டான். காகிதம் விரைவில் அழியும் என்பதே அக்கால எண்ணம். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் பப்ரியானோ நகரத்துக் காகிதத் தொழிலாளர் ஒரு புதுமை செய்தனர். தோல் பதனிடுவோரும் தோல்தாள் செய்வோரும் கழித்துப்போட்ட துண்டுகளைக் காய்ச்சி, அந்தச் சாற்றில் தாளை நனைத்து உலர்த்தினர். தோலில் எழுதவேண்டும் என்று மன்னன் சொன்னான். தொழிலாளர் தோலின் சாரத்தையே காகிதத்திற்கு ஊட்டிவிட்டனர். இறகுப் பேனாவின் கூர்மையைத் தாங்கும் உறுதியும், மையை ஊறவிடாத தன்மையும் அத்தாளுக்கு வந்தன. சில நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுதும் இம்முறையே நிலைத்தது.

அது எளிய வேலையன்று. வெதுவெதுப்பான ஜெலாட்டின் தொட்டியில் தாள்களைக் கட்டாகப் பிடித்து அமிழ்த்த வேண்டும். மிகையான பசையை அழுத்திப் பிழிய வேண்டும். ஈரத்தோடு ஒட்டிக்கொண்ட தாள்களைக் கிழியாமல் பிரித்துக் கொடியில் இடவேண்டும். இதில் கிழிந்து வீணாகும் தாள்கள் ஏராளம். ஆங்கிலேயத் தொழிலாளர் பசையறைக்குக் 'கொலைக்களம்' என்று பட்டப்பெயர் இட்டிருந்தனர் என்றால் அதன் சேதத்தை நாம் ஊகிக்கலாம். கோடை வெப்பம் மற்றொரு பகை. வெயில் ஏறினால் தொட்டியிலுள்ள பசை புளித்து நாறும். கொடியிலிட்ட தாளிலும் பசை உறையாமல் கெடும். ஆகையால் பசையூட்டும் பணிக்கு வானிலை பார்த்து நாள் குறித்தனர்.

படிகாரத்தின் நன்மையும் தீமையும்

பசை கெடாமல் இருக்க அவர்கள் கண்ட மருந்து படிகாரம். தோல் பதனிடுவதில் நெடுங்காலமாகப் பயன்பட்ட பொருள் அது. தோலை அழுகாமல் காப்பது தோலின் சாற்றையும் காக்கும் என்று அவர்கள் எண்ணியது இயல்பே. பதினாறாம் நூற்றாண்டு முதல் பசைத் தொட்டியில் படிகாரம் சேர்ப்பது பரவியது. ஜெலாட்டின் படலத்தை அது சற்றே இறுக்கியது, பூஞ்சணத்தைத் தடுத்தது, கலவையின் பதத்தையும் சீராக்கியது.

ஆனால் படிகாரம் அமிலத்தன்மை உடையது. அதன் அளவு கூடக்கூடக் காகிதத்திலுள்ள நார்கள் மெல்ல மெல்ல அறுந்து, தாள் மஞ்சளித்து, மடித்த இடத்தில் முறியும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழிக்குப் படிகாரத்தைவிடப் பொருத்தமான சான்று காண்பது அரிது. 1807ஆம் ஆண்டில் ஜெர்மானியரான மோரிட்சு இல்லிக் என்பார், ஜெலாட்டினை அறவே விடுத்து, மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடும் முறையை வெளியிட்டார். தொட்டியும் வேண்டா, கொடியும் வேண்டா, கொலைக்களமும் வேண்டா. காகிதம் மலிந்தது, அதன் ஆயுளும் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சான நூல்கள் இன்று தொட்டவுடன் உதிர்வதற்கு, மட்டமான மரக்கூழோடு இந்தப் படிகாரப் பசையும் பெருங்காரணம் என்பதை அமெரிக்க நாட்டு ஆய்வாளர் வில்லியம் பாரோ 1950களில் நடத்திய சோதனைகள் தெளிவாக்கின. பழைய கோப்புகளோடு பழகுவோர் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். இருநூறு ஆண்டுத் தாள் வளைந்து கொடுக்கும். நூறாண்டுத் தாள் நொறுங்கும்.

அண்மைக் காலத்தில் இதற்கு மேலும் உறுதி கிடைத்துள்ளது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமத்தி பாரெட் என்னும் காகிதக் கலை வல்லுநரும் அவர்தம் குழுவினரும், 14 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான 1,578 காகித மாதிரிகளைச் சேதமின்றி ஆராய்ந்து, 2012ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நல்ல நிலையில் நீடித்திருந்த தாள்களில் ஜெலாட்டினும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதியாக இருந்தன. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பப்ரியானோத் தொழிலாளர் பழக்கத்தால் அறிந்ததை இன்றைய கருவிகள் கணக்கால் மெய்ப்பித்தன.

ஒளி பட்டு இறுகும் பசை

1839ஆம் ஆண்டு நிழற்படக் கலையின் பிறப்பாண்டாகக் கொண்டாடப்படுகிறது. இங்கிலாந்தில் ஹென்றி பாக்ஸ் டால்பட் தாளில் உப்பு நீரையும் பின்னர் வெள்ளி நைட்ரேட் கரைசலையும் ஏற்றிப் படமெடுத்தார். அவர் விரும்பிய தாள்களுள் வாட்மன் ஆலையின் எழுதுதாளும் ஒன்று. அது ஜெலாட்டின் ஊட்டிய கைத்தாள். பிரெஞ்சுத் தாள்களிலோ மாவும் மரப்பிசினும் கலந்த பசை இருந்தது. ஒரே மருந்தை இருவகைத் தாளிலும் பூசினால் படத்தின் நிறச்சாயல் வேறுபட்டது. பசை வெறும் அடைப்புப் பொருளாக நில்லாமல், படம் உருவாகும் வேதிவினையிலும் பங்குகொள்கிறது என்பதைத் தொடக்கக் காலத்தவர் இவ்வாறு அறியலாயினர்.

அதே 1839இல் எடின்பரோவைச் சேர்ந்த மங்கோ பாண்டன் என்பார், பொட்டாசியம் பைகுரோமேட் ஊட்டிய தாள் வெயில் பட்டுக் கருமையடைவதைக் கண்டறிந்தார். வெள்ளியின் செலவில்லாமல் படமெடுக்க அது வழிகாட்டியது. மறு ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் இதனை ஆராய்ந்து, ஒளிக்கு வசப்படுவதில் தாளிலுள்ள பசைக்கே முதன்மையான பங்கு உண்டு என்று கூறினார். நிழற்பட வரலாற்றில் பசை தன் பெயரோடு மேடையேறிய நாள் அதுவே எனலாம். 1852இல் டால்பட் மேலும் ஒரு படி சென்றார். பைகுரோமேட் கலந்த ஜெலாட்டின் ஒளி பட்ட இடத்தில் வெந்நீரிலும் கரையாத தன்மை பெறுகிறது என்பதை அவர் கண்டார். ஒளி படாத இடம் கரைந்து நீங்கும். பட்ட இடம் நிற்கும்.

இந்த ஓர் உண்மையிலிருந்து பல கிளைகள் விரிந்தன. 1855இல் பிரெஞ்சுக்காரரான அல்போன்சு புவாத்வென், ஜெலாட்டினிலும் பிசினிலும் வண்ணப்பொடியைக் கலந்து படம் அச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். வெள்ளிப் படங்கள் சில ஆண்டுகளிலேயே வெளிறிப்போன காலம் அது. கரிப்பொடியோ மண் நிறமோ வெளிறுவதில்லை. மின்விளக்கு ஆராய்ச்சியால் பின்னர்ப் புகழ்பெற்ற ஜோசப் சுவான் 1864இல் 'கரிப்பட' முறையைச் செம்மைப்படுத்தினார். ஒரு தாளில் உருவான கரிப்பொடிப் படலத்தை, ஜெலாட்டின் பூசிக் குரோம் படிகாரத்தால் இறுக்கிய வேறொரு தாளுக்கு மாற்றிப் பதிப்பது அம்முறை.

பெருந்திருப்பம் 1871ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்தது. ரிச்சர்ட் மேடக்சு என்னும் மருத்துவர், கொலோடியன் கரைசலின் ஈதர் ஆவி தம் உடலுக்கு ஒவ்வாமையால் மாற்றுப்பொருள் தேடி, ஜெலாட்டினில் வெள்ளிப் புரோமைடைக் கலந்து கண்ணாடியில் பூசிய செய்தியை ஆங்கில இதழொன்றில் வெளியிட்டார். அதுவரை படமெடுப்போர் தகட்டில் மருந்தைப் பூசி, அந்த ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவவேண்டும். ஜெலாட்டின் தகடோ உலர்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். பிற்காலத்துப் படச்சுருளும், திரைப்படமும், மருத்துவமனை எக்ஸ்ரேத் தாளும் அந்தச் செய்தியின் வழித்தோன்றல்களே.

இப்பசையின் குணம் மூலப்பொருளான கால்நடையின் தீவனத்தோடும் தொடர்புடையது என்பது பின்னர் விளங்கியது. சில ஜெலாட்டின் வகைகள் ஒளியை விரைந்து பற்றும், சில பற்றா. காரணம் நெடுநாள் புலப்படவில்லை. கோடக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஷெப்பர்ட் 1925இல் இதனை விடுவித்தார். கடுகினச் செடிகளை மேய்ந்த மாட்டின் தோலில் நுண்ணளவில் தங்கிய கந்தகச் சேர்மமே வெள்ளி உப்பின் ஒளியுணர்வைக் கூட்டியது.

இந்திய வெப்பத்தில்

நிழற்படக் கலை விரைந்து பரவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. பம்பாயில் 1854இலும், சென்னையிலும் கல்கத்தாவிலும் 1856இலும் நிழற்படச் சங்கங்கள் தோன்றின. அந்த 1856ஆம் ஆண்டில் சென்னை அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரை அரசு நிழற்படக்காரராக அமர்த்தியது. 1857 இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய இடங்களை அவர் காகித எதிர்ப்படங்களில் பதிவுசெய்தார். மெழுகு ஊட்டிய அத்தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம் என்பது வெப்ப நாட்டுப் பயணத்திற்கு உதவிற்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக்கினார். இராசராசனின் கல்லெழுத்து காகிதத்தில் ஏறிய அரிய நிகழ்ச்சி அது. சில ஆண்டுகளிலேயே, ஆளுநர் டிரெவெலியன் காலத்தில், செலவு கருதி அப்பணி நிறுத்தப்பட்டது. சிக்கன நடவடிக்கை நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று போலும்! பணி நின்றாலும் படங்கள் நின்றன. அறிஞர்கள் இன்றும் அவற்றை ஆராய்கின்றனர்.

ஜெலாட்டின் தகடு இந்தியாவிற்கு வந்தபோது பழைய சிக்கல் புதிய உருவில் எழுந்தது. நீரில் ஊறிய ஜெலாட்டின், ஏறத்தாழ 30 செல்சியஸ் அளவைக் கடந்தாலே இளகத் தொடங்கும். நம் கோடையில் தொட்டி நீரே அவ்வளவு சூடு கொண்டது. படத்தைக் கழுவும்போது படலம் ஓரங்களில் சுருங்கி, அலை அலையாகக் கண்ணாடியை விட்டு நழுவும். அதனைத் தடுக்கப் படமெடுப்போர் இரவின் குளிர்ந்த நேரத்தில் கழுவினர். பனிக்கட்டி கிடைத்த நகரங்களில் அதனை நீரிலிட்டனர். படிகாரம் அல்லது குரோம் படிகாரம் கரைத்த நீரில் தகட்டை நனைத்துப் படலத்தை இறுக்கினர். ஐரோப்பியக் காகித ஆலையின் பழைய மருந்து இந்திய இருட்டறைக்கு வந்துசேர்ந்தது. ஐதராபாத் நிஜாமின் அவையில் சிறப்புற்ற லாலா தீன் தயாள் போன்றோரின் கண்ணாடித் தகடுகள் இவ்வளவு இடர்களுக்கும் தப்பியவை. அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை இந்திரா காந்தி தேசியக் கலை மையம் தில்லியில் பாதுகாத்து வருகிறது.

கைவினைப் படமும் பசையூட்டும் முறையும்

தொழிற்சாலைகள் படத்தாளை ஆயத்தமாக விற்கத் தொடங்கிய பின்னர், பொத்தானை அழுத்துவோர் பெருகினர். தாளைத் தம் கையால் தயாரிப்போர் அருகினர். இதற்கு மாறாக ஓர் இயக்கம் பிரான்சில் எழுந்தது. 1894இல் பாரிசு நகரக் கண்காட்சியில் ரூயே-லாதெவேசு என்பவர் பிசின்-பைகுரோமேட் முறையில் அச்சிட்ட படங்களை வைத்தார். அவரைப் பின்பற்றி ராபர்ட் தெமாஷி அம்முறையை வளர்த்தார். அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்டைக்கன் பிளாட்டினப் படத்தின்மேல் பிசினும் நிறமும் பூசி அடுக்கடுக்காக அச்சிட்டார். நியூயார்க்கின் பிளாட்அயர்ன் மாளிகையை அவர் 1904இல் அவ்வாறு ஆக்கிய படம் ஒன்று, 2022ஆம் ஆண்டு ஏலத்தில் ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. வேலம்பிசின் இனத்துப் பிசினும், வண்ணப்பொடியும், ஒரு தாளும் கொண்டு செய்த பொருள் அது.

இவ்வகைப் படத்திற்குத் தாளில் ஜெலாட்டின் ஊட்டுவது இன்றியமையாதது. பசை குறைந்த தாளில் வண்ணப்பொடி நார்களுக்குள் இறங்கித் தங்கிவிடும். வெண்மையாக இருக்கவேண்டிய இடம் அழுக்கடையும். மேலும், ஒரு படத்திற்கு மூன்று நான்கு முறை பூசி, ஒளி காட்டி, கழுவவேண்டும். முதலில் வெந்நீரில் ஊறவைத்து உலர்த்திய தாளைக் கொண்டால்தான் பின்னர் அது சுருங்காமல் நின்று, ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்தின்மேல் பிசகாமல் படியும். அவ்வாறு ஊறும்போது ஆலையில் ஊட்டிய பசை ஓரளவு கழன்றுபோகும். ஆதலால் கலைஞர் தாமே மீண்டும் பசையூட்டுகிறார்.

முறை எளிது. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 25 முதல் 30 கிராம் ஜெலாட்டினைத் தூவி அரைமணி நேரம் ஊறவிடவேண்டும். ஊதிய பின் அப்பாத்திரத்தை வெந்நீருள்ள பெரிய பாத்திரத்தில் வைத்து, 50 முதல் 60 செல்சியஸ் வரை சூடாக்கினால் தெளிந்த கரைசல் கிடைக்கும். கொதிக்கவிட்டால் புரதத்தின் நீண்ட சங்கிலிகள் அறுபட்டு, உறையும் ஆற்றல் போய்விடும். பாலைப் போலப் பொங்கவிட்டு இறக்கும் பழக்கம் இங்கே உதவாது. தாளை அதில் நனைத்தோ, அகன்ற தூரிகையால் பூசியோ கொடியிலிட்டு உலர்த்தி, இரண்டாம் முறையும் பூசுவர். பின்னர்ப் படலத்தை இறுக்குவர். இறுக்காவிட்டால் படத்தைக் கழுவும் நீரிலேயே பசையும் கரைந்தோடும்.

பசையைக் கெடாமல் காத்தல்

உலர்ந்த ஜெலாட்டின் பல ஆண்டுகள் கெடாது. ஈரமும் பூச்சியும் அணுகாத மூடிய புட்டி போதும். நீர் சேர்ந்தவுடன் அதன் ஆயுள் நாள் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. நம் ஊர் வெப்பத்தில், மாலையில் காய்ச்சிய கரைசல் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மணம் மாறி, உறையாமல் நீர்த்துப்போகும். அதைத் தாளில் பூசினால் அன்றைக்குக் குறை தெரியாது. கெட்ட பசையோடு சேர்ந்த நுண்ணுயிரும் பூஞ்சண விதையும் தாளுக்குள் குடியேறிவிடும்; மழைக்காலம் வந்ததும் படத்தில் புள்ளி புள்ளியாகப் பூக்கும்.

குளிர்பதனப் பெட்டியில் மூடிவைத்தால் ஒரு வாரம் வரை தாங்கும். தேவையான அளவை மட்டும் வெட்டியெடுத்துச் சூடாக்குவது நன்று. முழுவதையும் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் பசையின் வலிமை ஒவ்வொரு முறையும் குறையும். நெடுநாள் வைத்திருக்க விரும்பியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்பாலிக் அமிலத்தைச் சிறிது சேர்த்தனர். மாவுப் பசைக்குக் கிராம்பு எண்ணெயையும் சேர்ப்பதுண்டு. இவற்றினும் மிகுதியாக நிலைத்த பெயர் தைமால் என்பதாகும்.

இந்தத் தைமால் நமக்கு நெருங்கிய உறவு. குழந்தையின் வயிற்றுவலிக்குப் பாட்டிமார் கொடுக்கும் ஓமத்தின் காரமும் மணமும் இதனால் வந்தவையே. வடநாட்டுக் கடைகளில் 'சத் அஜ்வாயின்' என்று விற்கப்படும் வெண்பளிங்கு இதுதான். முதல் உலகப்போருக்கு முன்னர் இந்தியாவிலிருந்து ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குச் சென்று, அங்கே தைமாலாகப் பிரிக்கப்பட்டது. அது நீரில் எளிதில் கரையாது. ஆகவே சில பளிங்குகளைச் சாராயத்தில் கரைத்து, வெதுவெதுப்பான ஜெலாட்டினில் கலப்பர். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பூஞ்சணம் பிடித்த ஏடுகளைத் தைமால் புகையில் வைத்துக் காத்த காலமும் உண்டு. பணியாளர் உடல்நலத்துக்கும் பொருள்களுக்கும் அப்புகை நல்லதன்று என்று அறிந்தபின் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

இறுக்கும் மருந்துகளின் கதையும் இத்தகையதே. குரோம் படிகாரம் படலத்தை நன்கு இறுக்கும். ஆனால் தாளுக்குச் சற்றே பச்சைச் சாயல் தரும். இருபதாம் நூற்றாண்டில் பார்மலின் அதன் இடத்தைப் பிடித்தது. சில துளிகளே போதும், நிறமும் தராது. அதன் ஆவியோ கண்ணையும் மூச்சையும் தாக்கும். பார்மலினில் உள்ள பார்மால்டிகைடு மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் வகைப்படுத்தியது. கைவினைஞர் பலர் கிளையாக்சால் என்னும் மருந்துக்கு மாறினர். அதையும் நன்கு அலசாவிட்டால் தாள் மஞ்சளிக்கும். பசையில் இறுக்கும் மருந்தைக் கலந்துவிட்டால் அக்கலவையைச் சேமித்துவைக்கவும் இயலாது. பாத்திரத்திலேயே மீண்டும் உருகாதபடி இறுகிவிடும். காக்கவேண்டியது மருந்து சேராத பசை. சேர்த்தபின் உடனே பூசிவிடவேண்டும்.

ஒவ்வொரு காவல் மருந்துக்கும் ஒரு விலை இருந்ததை இதனால் அறிகிறோம். படிகாரத்தின் விலையைக் காகிதம் கொடுத்தது. பார்மலினின் விலையை அதனைக் கையாண்ட மனிதர் கொடுத்தனர். எனவே, வேண்டிய அளவே காய்ச்சி, அன்றே பூசி, எஞ்சியதைக் கொட்டிவிடும் முறையே பல கைவினைஞர்க்கு இன்று உகந்ததாக இருக்கிறது. ஜெலாட்டினை விரும்பாதோர் செயற்கைப் பசைகளையும், பழைய மாவுக் கஞ்சியையும் நாடுகின்றனர். அரபு நாட்டாரும் நம் காகஜிகளும் விட்ட இடத்திலிருந்து சிலர் மீண்டும் தொடங்கியிருக்கின்றனர்.

நம் வீட்டுப் பெட்டிகளில்

இவ்வரலாறு ஆலைக்கும் கலைக்கூடத்துக்கும் மட்டும் உரியதன்று. நம் இல்லங்களில் உள்ள கறுப்பு வெள்ளைப் படங்களில் மிகப் பெரும்பாலானவை காகிதத்தின்மேல் ஜெலாட்டின், அதனுள் வெள்ளி என்னும் அமைப்புடையவை. புகைப்பட ஜெலாட்டினுக்கு வேண்டிய எலும்பு இந்தியாவிலிருந்தும் மேலைநாடுகளுக்குக் கப்பலேறியது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 1967 முதல் 'இந்து' என்னும் பெயரில் படச்சுருளும் படத்தாளும் எக்ஸ்ரேத் தாளும் செய்தது. இன்று அது மூடப்பட்டுவிட்டது. புலால் மணமே அறியாத குடும்பத்துப் பெரியவரும், திருநீறு துலங்க நாற்காலியில் அமர்ந்து, எலும்பிலிருந்து பிறந்த ஒரு படலத்துக்குள்தான் நமக்கு இன்றளவும் காட்சி தருகிறார்.

பிழைப்பைத் தேடித் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படங்கள் சாதாரணப் பொருள்கள் அல்ல. விட்டுவந்த வீட்டின் திண்ணையும், மறைந்த பாட்டியின் முகமும், ஊர்த் திருவிழாக் கூட்டமும் அவற்றில்தான் இருக்கின்றன. எதிர்ப்படச் சுருள்கள் பெரும்பாலும் தொலைந்தன. படமெடுத்த நிலையங்கள் பல இன்று இல்லை. கையிலுள்ள ஒரே படி கெட்டால் மறுபடி கிடையாது.

அவற்றைக் காக்கும் நெறி நாம் கண்ட வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. ஜெலாட்டின் ஈரத்தில் ஊதும். எனவே மழைக்கால ஈரக் காற்றும், சுவரோடு ஒட்டித் தொங்கவிடுவதும் ஆகா. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் எழும். சட்டத்தில் இடும்போது படம் கண்ணாடியைத் தொடாதவாறு இடையே அட்டை விளிம்பு வைக்கவேண்டும். தொட்டால், ஈரத்தில் இளகிய படலம் கண்ணாடியில் பற்றிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டியதைக் கையால் உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அறிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை. பசை தடவிய பிளாஸ்டிக் பக்கங்களைவிட, அமிலமற்ற காகித உறைகள் நல்லவை. படத்தைத் தூய்மை செய்வதாக எண்ணி ஈரத்துணியால் துடைப்பது, பூத்திருக்கும் பூஞ்சணத்தை முழுவதும் பரப்புவதாகும். கணிப்பொறியில் ஒரு படியெடுத்து வைப்பது நல்ல துணை. மூலப்படத்துக்கு அது ஈடாகாது.

பப்ரியானோவில் தோல் துண்டைக் காய்ச்சியவர், ஆங்கில ஆலையில் ஈரத்தாளைக் கிழியாமல் பிரித்தவர், சென்னைக் கோடையில் நள்ளிரவு வரை காத்திருந்து தகட்டைக் கழுவியவர் ஆகிய இவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் அளவறிந்து சேர்த்த பசையும் படிகாரமும் இன்னும் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கின்றன. எஞ்சிய கடமை நம்முடையது. அடுத்த மழைக்காலம் வருமுன், பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் அப்படங்களை ஒருமுறை எடுத்துப் பார்த்து, பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, உலர்ந்த இடத்தில் வைப்போமாக.